சேத்ரி போய்விட்டார், அந்த இடத்துக்கு யார்?

தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று எக்ஸ்பிரஸ் வண்டியின் எஞ்சினைப் பார்த்திருக்கிறீர்களா?

அதில் 2 பேர் இருப்பார்கள். ஒருவர் வண்டியை ஓட்டும் டிரைவர். இன்னொருவர் உதவி டிரைவர். சிக்னல் வந்தால் உதவி டிரைவர் உரக்கச் சொல்வார். டிரைவரும் பார்த்துத் திருப்பிச் சொல்வார். இப்படிப் பல வருஷம் பக்கத்தில் இருந்து பழக வேண்டும். அதற்குப் பிறகு சரக்கு வண்டி கொடுப்பார்கள். பிறகு பாசஞ்சர் வண்டி. அதற்கும் பிறகுதான் எக்ஸ்பிரஸ்.

60 வயதில் டிரைவர் ஓய்வு பெறுகிறார். மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் வண்டி நின்றுவிடுகிறதா? இல்லை. பக்கத்தில் இருந்தவர் அந்த இடத்தில் உட்காருகிறார். வண்டி ஓடுகிறது.

இந்தியாவின் கால்பந்து கோஷ்டியில் இப்படி நடக்கவில்லை. அங்கே ஓய்வு பெற்றவரையே மறுபடியும் கூப்பிட்டார்கள். "நீங்களே வந்து வண்டியை ஓட்டுங்கள்" என்றார்கள்!

அந்த ஆட்டக்காரர் சுனில் சேத்ரி.

ராணுவ வீரரின் மகன்

சேத்ரி 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி செகந்திராபாத்தில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் இருந்தவர். தாயாருக்கும் கால்பந்தில் ஆர்வம் உண்டு. வீட்டிலேயே பந்து உருண்டது என்று சொல்லலாம்.

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பாகிஸ்தானில் உள்ள குவெட்டா நகரில் அவர் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். அப்போது வயது 20. எதிரே ஆடியது பாகிஸ்தான் கோஷ்டி. அந்த முதல் பந்தயத்திலேயே ஒரு கோல் போட்டார்.

2008-இல் டெல்லியில் ஆசிய சேலஞ்ச் கோப்பை இறுதிப் பந்தயம் நடந்தது. தஜிகிஸ்தானை இந்தியா 4-1 என்று தோற்கடித்தது. அதில் 3 கோல்கள் சேத்ரி போட்டவை.

அவர் உயரமான ஆள் அல்ல. ஆனாலும் தலையால் முட்டிப் பல கோல் போட்டார். என்ன ரகசியம்? பந்து எங்கே வரும் என்பதை மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்னால் தெரிந்துகொள்வார். அங்கே போய் நிற்பார். அவ்வளவுதான். சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கண்டிப்பாக இருந்தார். அதனால் 40 வயதிலும் அவர் கால்கள் ஓய்ந்து போகவில்லை.

2024-இல் அவர் விடை பெற்றபோது 151 சர்வதேசப் பந்தயங்களில் 94 கோல்கள் போட்டிருந்தார். அன்றைக்கு உலகத்திலேயே அவரைவிட அதிக சர்வதேசக் கோல் போட்டவர்கள் 3 பேர்தான். ரொனால்டோ, ஈரான் நாட்டின் அலி தாயி, மெஸ்ஸி. நாலாவது பெயர் நம் நாட்டுக்காரர் பெயர்!

மைதானத்துக்கு வாருங்கள்!

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

2018 ஜூன் 1-ந் தேதி மும்பையில் சீன தைபே கோஷ்டியுடன் பந்தயம். இந்தியா 5-0 என்று ஜெயித்தது. சேத்ரி 3 கோல் போட்டார். ஆனால் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்? 2,569 பேர்தான். மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது.

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோவில் பேசினார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 4-ந் தேதி கென்யாவுடன் அடுத்த பந்தயம். டிக்கெட்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. மழையையும் பார்க்காமல் ஜனங்கள் திரண்டார்கள். அது சேத்ரிக்கு 100-ஆவது பந்தயம். அவர் 2 கோல் போட்டார். இந்தியா 3-0 என்று ஜெயித்தது.

கோல் போடுவது ஆட்டக்காரர் வேலை. ஜனங்களை அழைத்து வருவதும் அவர் வேலையா? அந்த வேலையையும் அவர்தான் செய்ய வேண்டியிருந்தது. ஒரே ஆளின் தோளில் எவ்வளவு பாரம் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

விடை பெற்றார், திரும்பி வந்தார்

2024 ஜூன் 6-ந் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் ஆடிய பந்தயமே தம்முடைய கடைசிப் பந்தயம் என்று சேத்ரி முன்னாலேயே அறிவித்திருந்தார். அன்று கோல் விழவில்லை. பந்தயம் 0-0 என்று முடிந்தது. அவர் கண்ணீருடன் விடை பெற்றார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது?

5 நாள் கழித்து கத்தாரிடம் இந்தியா 1-2 என்று தோற்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது. 2024-ஆம் ஆண்டு முழுவதும் 11 பந்தயங்கள் ஆடியும் இந்தியா ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. சேத்ரி இருந்தபோதும் ஜெயிக்கவில்லை. போன பிறகும் ஜெயிக்கவில்லை.

2025 மார்ச்சில் அவரை மறுபடியும் கூப்பிட்டார்கள். 40 வயதில் வந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுடன் நடந்த பந்தயத்தில் இந்தியா 3-0 என்று ஜெயித்தது. சேத்ரியும் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அது அவருடைய 95-ஆவது கோல். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. வங்காளதேசத்துடன் 0-0. ஹாங்காங்கிடம் 0-1 என்று தோல்வி. அக்டோபரில் சிங்கப்பூரில் 1-1. அதே மாதம் 14-ந் தேதி கோவாவில் சிங்கப்பூரிடமே 1-2 என்று தோல்வி. 2027 ஆசியக் கோப்பைக் கனவு அன்றோடு முடிந்தது. சேத்ரியும் தேசியக் கோஷ்டியிலிருந்து இரண்டாவது தடவையாக விலகிக்கொண்டார்.

இதில் சேத்ரியைக் குறை சொல்லலாமா? கூடாது. நாடு கூப்பிட்டது, அவர் வந்தார். கூப்பிட்டவர்கள் கையில் வேறு ஆள் இல்லை. அதுதான் குறை.

ஏன் ஆள் இல்லை?

140 கோடி ஜனங்கள் உள்ள நாட்டில் கோல் போட ஒரு பையன் கிடைக்கவில்லையா? இந்தக் கேள்வி எல்லோர் மனத்திலும் எழும்.

கோல் போடும் கால் பிறக்கும்போதே வருவதல்ல. பந்தயத்தில் ஆடி ஆடித்தான் வரும். நம் பெரிய கிளப்புகளில் அந்த இடத்தில் ஆடுவது யார்? பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். ஐ.எஸ்.எல். பந்தயத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரை மைதானத்தில் இறங்கலாம் என்ற விதி 2021-இல் வந்தது. அந்த 4 பேரில் ஒருவரையாவது கிளப்புகள் கோல் போடும் இடத்தில் நிறுத்திவிடுகின்றன. கிளப்புக்கு இன்று ஜெயிக்க வேண்டும். நாளைய இந்தியக் கோஷ்டியைப் பற்றி அதற்கு என்ன கவலை?

சென்னை ரசிகர்களுக்கு ஒரு பந்தயம் மறந்திருக்காது. 2018 மார்ச் 17-ந் தேதி ஐ.எஸ்.எல். இறுதிப் பந்தயம். பெங்களூருக்காக முதல் கோல் போட்டவர் சேத்ரி. ஆனாலும் சென்னையின் எப்.சி. 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. நாமும் வெடி வெடித்தோம். அந்த 3 கோல்களைப் போட்டவர்கள் யார்? மெயில்சன் ஆல்வெஸ் 2, ரபேல் அகஸ்டோ 1. இருவரும் பிரேசில் நாட்டுக்காரர்கள்! கோப்பை வந்தது. நம் பையன் ஒருவன் கோல் போடப் பழகினானா? இல்லை.

2024-25 ஐ.எஸ்.எல். போட்டியில் அதிகக் கோல் போட்ட இந்தியர் யார் தெரியுமா? நாட்டுக்கு ஆடுவதிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அதே சேத்ரிதான்! 14 கோல்கள்! அவரைப் பாராட்ட வேண்டிய செய்தி இது. நாம் வெட்கப்பட வேண்டிய செய்தியும் இதுவே.

அமெரிக்காவில் ஒரு காவல்காரர்

சேத்ரி விடை பெற்ற அதே 2024-இல், அமெரிக்காவிலும் ஒருவர் விடை பெற்றார். அவர் பெயர் ஜேசன் கெல்சி. பிலடெல்பியா ஈகிள்ஸ் கோஷ்டியில் 13 ஆண்டுகள் ஆடியவர்.

அமெரிக்கக் கால்பந்து நம்முடைய கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். அதில் 'லைன்மேன்' என்று சிலர் உண்டு. எதிரிகள் பாய்ந்து வந்து தங்கள் ஆளை வீழ்த்தாதபடி முன்வரிசையில் சுவர்போல நிற்பது அவர்கள் வேலை. கபடியில் கோட்டைக் காத்து நிற்பவரைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயர் வெற்றிக் கணக்கில் வராது. ஆனால் அவர்கள் இல்லாமல் வெற்றியும் வராது.

கெல்சி அந்த வரிசையின் நடுவில் நின்றவர். அவர் போய்விட்டால் சுவரின் நடுக்கல் போன மாதிரி. ஆகவே கிளப் என்ன செய்தது?

அவர் ஓய்வு பெறுவதற்கு 2 ஆண்டு முன்பே, 2022-இல், கேம் ஜர்கென்ஸ் என்ற இளைஞரைச் சேர்த்தது. சேர்ப்பதற்கு முன்னால் கெல்சியிடமே யோசனை கேட்டது. தம் இடத்துக்கு வரப்போகிறவரை அவரே பார்த்துச் சொன்னார். பொறாமைப்படவில்லை. முதல் வருஷம் அந்த இளைஞர் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்து கவனித்தார். இரண்டாம் வருஷம் கெல்சிக்குப் பக்கத்து இடத்தில் நின்று ஆடினார். மூன்றாம் வருஷம் கெல்சி போனார். ஜர்கென்ஸ் நடுவில் நின்றார்.

பலன்? 2025 பிப்ரவரி 9-ந் தேதி சூப்பர் பவுல் இறுதிப் பந்தயத்தில் அந்தக் கோஷ்டி 40-22 என்று ஜெயித்தது!

தாம்பரத்து எஞ்சினில் நடப்பதும் இதுதானே?

நம்மிடமும் பையன் உண்டு

சிவகங்கைப் பக்கம் கண்டனூர் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பையன் சிவசக்தி நாராயணன். சேத்ரி ஆடிய பெங்களூர் கிளப்பில் இடம் பிடித்தார். 2022-23 போட்டியில் அவரை முதலில் இறக்கினார்கள். சேத்ரியைப் பல பந்தயங்களில் வெளியே உட்கார வைத்தார்கள். சேத்ரி முகம் கோணவில்லை. அந்த ஆண்டின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் என்ற பரிசு சிவசக்திக்குக் கிடைத்தது. இறுதிப் பந்தயத்தில் அவர் சில நிமிஷங்களிலேயே காயப்பட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக உள்ளே வந்தவர் யார்? சேத்ரி!

இளைஞருக்கு இடம் கொடுத்தால் அவர் வளருவார் என்பதற்கு இது ஓர் உதாரணம். ஆனால் ஓர் உதாரணம் போதாது. எல்லாக் கிளப்புகளும் அப்படிச் செய்ய வேண்டும். கோல் போடும் இடத்தில் இத்தனை நிமிஷமாவது நம் நாட்டு இளைஞர் ஆட வேண்டும் என்று விதி போட்டால் என்ன?

அதற்கும் கீழே இன்னொரு வேலை இருக்கிறது. அது நம் வீட்டில் இருக்கிறது.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். காலி மனை கிடைத்தால் போதும். பையன்கள் 2 செங்கல்லை வைத்துக் கோல் கட்டி ஆடுகிறார்கள். அடுத்த வருஷம் போனால் அந்த மனையில் வீடு எழும்பியிருக்கும். பையன்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பு வந்தால் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். "ஆட்டமா சோறு போடும்?" என்று கேட்கிறோம்.

அந்தக் கேள்வி தப்பு அல்ல. பெற்றவர் கேட்கத்தான் செய்வார். ஒரு காலத்தில் தெற்கு ரயில்வே, ஐ.சி.எப்., இந்தியன் வங்கி போன்ற இடங்கள் நல்ல ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்தன. பந்து சோறு போட்டது. அந்த வழி அகலமாக இருந்தால் தகப்பனாரும் தாயாரும் தைரியமாகப் பிள்ளையை அனுப்புவார்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புவார்கள். 2025 ஜூலையில் நம் பெண்கள் கோஷ்டி தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே! ஆண்கள் கோட்டைவிட்ட இடத்தை அவர்கள் பிடித்தார்கள்.

மைதானம் வேண்டும். சின்ன வயதிலிருந்து வருஷம் முழுவதும் பந்தயம் வேண்டும். வேலைக்கு உறுதி வேண்டும். பெரிய கிளப்பில் இடம் வேண்டும். இந்த 4 படியும் இருந்தால் ஒரு சேத்ரி என்ன, ஒன்பது சேத்ரி வருவார்கள்.

சேத்ரிக்கு மாலை போடுவோம். கை தட்டுவோம். அவர் அதற்குத் தகுதி உள்ளவர். ஆனால் மாலை போட்ட கையோடு, எஞ்சினில் பக்கத்து இருக்கையையும் ஒரு தடவை பார்ப்போம்.

அது காலியாக இருக்கிறது. அதில் ஒரு பையனை உட்கார வைக்க வேண்டியது இன்றைய வேலை; டிரைவர் இறங்கிப் போன பிறகு செய்யும் வேலை அல்ல.