ஊருக்கு மட்டும் உபதேசமா?

பூமி சூடாகி வருகிறது. விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். ஆனால், அவர்களுடைய அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? அதையே ஒரு பாடகர் சொன்னால் லட்சம் பேர் காது கொடுக்கிறார்கள். கிரிக்கெட் வீரர் சொன்னால் சிறுவர்களும் கேட்கிறார்கள்.

ஆஸ்திரேலிய வீரர் பாட் கம்மின்ஸ் 2022-ல் இதற்காக ஓர் இயக்கம் தொடங்கினார். கிரிக்கெட் சங்கங்களின் கூரைகளில் சூரிய மின்தகடுகள் பொருத்துவது அதன் முக்கிய வேலை. உடனே கேலியும் பிறந்தது. நாடு நாடாக விமானத்தில் பறப்பவர் புகையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்கு விடை மௌனம் அல்ல, செயல்!

பிரிட்டனின் 'கோல்டுபிளே' இசைக் குழு 2019-ல் ஒரு முடிவு செய்தது. சுற்றுப்புறத்துக்குக் கேடு குறைவாகக் கச்சேரி நடத்த வழி காணும்வரை உலகப் பயணம் கிடையாது என்று அறிவித்தது. 2022-ல் மறுபடி புறப்பட்டபோது, ரசிகர்களே சைக்கிள் மிதித்து மின்சாரத்தில் ஒரு பங்கை உண்டாக்கினார்கள்! 2016-17 பயணத்தைவிடக் கச்சேரிக்குக் கச்சேரி கரியமில வாயு 59 சதவீதம் குறைந்தது என்று 2024-ல் கணக்கும் காட்டியது. ரசிகர்கள் வந்துபோன பயணம் இதில் சேரவில்லை. ஆகவே, வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

குறையே இல்லாதவர்தான் பேச வேண்டும் என்றால், பேச ஆளே கிடைக்காது. பிரபலங்கள் பேசட்டும். கூடவே தங்கள் கணக்கையும் சபையில் வைக்கட்டும். அப்போதுதான் ரசிகர்கள் கைதட்டுவதோடு நிற்க மாட்டார்கள். தங்கள் வீட்டுக் கணக்கையும் பார்ப்பார்கள்.