சுரங்கம் ஓய்ந்தபின் ஊர் எதனால் வாழும்?

கொல்கத்தா விமான நிலையத்திலிருந்து நியூ டவுனுக்குள் நுழைபவரை அகன்ற சாலைகளும் கண்ணாடி முகப்புக் கட்டடங்களும் எதிர்கொள்கின்றன. நெல் விளைந்த இராசர்ஹாட் வயல்களும் மீன் வளர்த்த குட்டைகளும் இருந்த இடம் அது. அந்நகரின் முதற்பகுதியில் ‘கோல் பவன்’ நிற்கிறது. நாட்டின் மிகப்பெரிய நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் தலைமையகம் அதுவே. அங்கே சுரங்கமும் இல்லை, சுரங்கத் தொழிலாளியும் இல்லை. ஆயினும் இராணிகஞ்சு முதல் சிங்ரௌலி வரை எந்தக் குழி திறக்கும், எந்தக் குழி மூடும் என்பது அக்கட்டடத்தில் முடிவாகிறது. மூடிய நாளுக்கு மறுநாள் அந்த ஊர்களில் அடுப்பு எதைக்கொண்டு எரியும் என்ற வினாவும் அங்கேதான் கேட்கப்பட வேண்டும். பிறநாட்டு மலையூர்கள் சில அந்த வினாவுக்குச் சூதாட்டத்தை விடையாகக் கொண்டன. அந்த விடை நம் நாட்டிற்கும் வந்து சேருமுன் அதன் விளைவை ஆராய்வது நம் கடமை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில், ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் சென்ட்ரல் சிட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, பள்ளத்தாக்கின் வாயிலில் பிளாக் ஹாக். 1859 மே மாதத்தில் ஜான் கிரிகரி என்பவர் இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட ஓடைப்பள்ளத்தில் தங்கப் படிவைக் கண்டார். சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் மலையேறினர். உலகிலேயே செல்வம் மிகுந்த சதுரமைல் என்று அந்நிலம் பேர் பெற்றது. 1874இல் பெருந்தீ சென்ட்ரல் சிட்டியை அழித்தது. ஊரார் கல்லாலும் செங்கல்லாலும் மீண்டும் கட்டினார்கள். 1878இல் எழுந்த இசைநாடக அரங்கம் இன்றும் நிற்கிறது. அதன் கற்சுவர்களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளரின் கைத்திறன் இருக்கிறது. அந்தக் கார்ன்வால்காரர்களை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். அவர்கள் நம் பக்கத்துக்கும் வந்தார்கள்.

பொன் தீர்ந்தது. 1990இல் பிளாக் ஹாக்கில் எஞ்சியிருந்தவர்கள் 227 பேர்; சென்ட்ரல் சிட்டியில் முந்நூற்றுச் சொச்சம். பழைய கட்டடங்களைக் காக்கப் பணமில்லை. அவ்வாண்டு நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்து, இவ்விரு ஊர்களிலும் கிரிப்பிள் கிரீக் என்னும் மூன்றாவது தங்க ஊரிலும் சூதாட்டத்திற்கு இடமளித்தனர். பந்தயம் ஐந்து டாலரைத் தாண்டக்கூடாது. வரி வருவாயில் 28 விழுக்காடு வரலாற்றுச் சின்னங்களின் பாதுகாப்புக்குச் செல்லவேண்டும் என்று விதிகள் வகுக்கப்பட்டன. அவர்கள் நோக்கில் கள்ளம் இருந்ததாக நாம் கருதவில்லை. கண்முன் இடிந்துகொண்டிருந்த ஊரைக் காக்க வேறு வழி அவர்களுக்குத் தென்படவில்லை. கிடைத்த நிதியால் மாநிலம் முழுவதும் எத்தனையோ பழங்கட்டடங்கள் காக்கப்பட்டன என்பதையும் மறுப்பதற்கில்லை.

1991 அக்டோபர் முதல் நாள் சூதாட்டம் தொடங்கியது. பின்னர் நிகழ்ந்தவற்றை வரிசையாக நோக்கினால் நெஞ்சம் கனக்கிறது. டென்வர் நகரத்திலிருந்து மலையேறும் சாலையில் முதலில் வருவது பிளாக் ஹாக். ஆகவே வண்டிகள் அங்கேயே நின்றன. பேரரங்கம் கொண்ட சென்ட்ரல் சிட்டி பின்தங்கியது. தன்னைக் காத்துக்கொள்ள அது 2004இல் எட்டு மைல் நீளத்திற்கு மலையை வெட்டித் தனிச்சாலை அமைத்தது. பழைய முகப்புகள் காக்கப்பட்டன. அவற்றின் பின்னே உட்புறம் முழுவதும் சூதாட்ட எந்திரங்களுக்காக மாற்றப்பட்டது. ஊரார் அன்றாடப் பொருள்கள் வாங்கிய கடைகள் வாடகை தாளாமல் இடம்பெயர்ந்தன. 2009இல் பந்தய வரம்பு நூறு டாலராயிற்று. இரவு பகல் எந்நேரமும் ஆடலாம் என்றாயிற்று. 2020இல் அந்த வரம்பையும் நீக்கிக்கொள்ள ஊர்களுக்கு உரிமை தரப்பட்டது. ஐந்து டாலர் என்ற வேலி முப்பதே ஆண்டுகளில் அடியோடு போயிற்று. 2020 கணக்கெடுப்பில் பிளாக் ஹாக்கில் வாழ்ந்தவர்கள் 127 பேர். ஊரை வாழ்விக்க வந்த தொழில் செழித்தது, ஊரில் வாழ்வோர் தொகை ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது.

சுரங்கம் எத்தனை கொடியதாயினும் நிலத்திலிருந்து ஒரு பொருளை எடுத்து உலகத்துக்குத் தருகிறது. சூதாட்ட மேசை எதையும் உண்டாக்குவதில்லை. டென்வர் நகரத்துக் குடும்பங்களின் மாதச் சம்பளம் அந்த மலைக்கு ஏறிப்போய் அங்கே கைமாறுகிறது. ஓர் ஊரின் கூரையைச் செப்பனிட இன்னோர் ஊரின் வீட்டுச் செலவுப் பணத்தை எடுப்பதை வளர்ச்சி என்று கணக்கெழுத எந்த அரசுக்கும் அறத்தின்படி உரிமை இல்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் கருமலைகளில் டெட்வுட், லீட் என்று அடுத்தடுத்து இரண்டு தங்க ஊர்கள் உள்ளன. டெட்வுட் 1989 நவம்பரில் சூதாட்டத்திற்கு வாயில் திறந்தது. லீட் ஊரில் ஹோம்ஸ்டேக் என்னும் பெருஞ்சுரங்கம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2002இல் மூடப்பட்டது. அதன் ஆழத்தில் ரேமண்ட் டேவிஸ் என்ற அறிஞர் 1960களிலேயே சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களைப் பிடிக்கும் ஆய்வை அமைத்திருந்தார். 2002இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 2003இல் இறைப்பு எந்திரங்கள் நிறுத்தப்பட்டுச் சுரங்கத்தில் நீர் ஏறியது. மாநில அரசு விட்டுவிடவில்லை. 2006இல் சுரங்கத்தைக் கொடையாகப் பெற்று, நீரை இறைத்து, ஒரு செல்வர் அளித்த 7 கோடி டாலரையும் சேர்த்து, நிலத்தடி ஆய்வகம் நிறுவியது. இன்று உலகின் பல பகுதிகளிலிருந்து இயற்பியலாளர்கள் அங்கே இறங்குகிறார்கள். ஒரே மலை; சில கல் தொலைவு; ஆனால் இரண்டு ஊர்களுக்கும் வாய்த்த மறுவாழ்வு வெவ்வேறு.

இனி நம் தங்கவயல். கோலார் தங்கவயலைப் பற்றி எழுதும்போது தமிழ் மனம் அமைதியாய் இருக்க இயலாது. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்வைத்தது. மேற்பார்வைக்குக் கார்ன்வாலிலிருந்து ஆள் வந்தது. பாறையைப் பிளக்க வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் சென்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சொந்த ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட குலத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேருக்குமேல் அங்கு உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். மேலே நிற்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். உள்ளே இருந்தவன் உடல் கூட முழுதாய் வெளிவராத நாள்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சிரைத்து இறந்தவர்களுக்கு எந்தக் கல்லிலும் பெயர் பொறிக்கப்படவில்லை. 1902இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது இந்தத் தங்கவயலுக்காகத்தான். பெங்களூருக்கு அது அதன்பின்பே சென்றது.

விஞ்ஞானமும் அங்கே குடிபுகுந்திருந்தது. 1965இல், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் சேர்ந்து, அதே சாம்பியன் ரீஃபின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தவர்களுள் ஒரு குழுவானார்கள். லீட் ஊருக்கு இருந்த அதே வாய்ப்பு நமக்கும் இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். இறைப்பு நின்றது, குழிகளில் நீர் ஏறியது. அங்கே யாரும் நீரைத் திரும்ப இறைக்கவில்லை.

தங்கவயலில் சூதாட்ட விடுதி எழவில்லை. ஆனால் எழுந்தது என்ன? விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் நின்றால் தெரியும். சோற்று டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் இருட்டில் நடந்து வருகிறார்கள். நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் காவல் வேலை, துப்புரவு வேலை, தையல் வேலை, கட்டட வேலை. இரவில் திரும்பும்போது குழந்தைகள் உறங்கியிருப்பார்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் கழிவு மேடுகளிலிருந்து காற்றடிக்கும் நாள்களில் வெண்தூசி வீட்டுப் பாத்திரங்களில் படிகிறது. அந்த மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேட்டுக்குள் மிச்சமிருக்கும் தங்கத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், மேட்டைக் குவித்த மக்களுக்கும் கணக்குப் பார்க்கவேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

சூதின் நிழல் நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. சூதாட்டத்தை ஒழுங்குசெய்வது அரசியலமைப்பின்படி மாநிலங்களின் பொறுப்பு. கோவாவும் சிக்கிமும் காசினோக்களுக்கு இடம் தந்துள்ளன. கோவாவில் 2012இல் உச்ச நீதிமன்றம் இரும்புத்தாதுச் சுரங்கங்களை நிறுத்தியது. 2018இல் 88 குத்தகைகளை நீக்கியது. சுரங்க வருவாய் சுருங்கிய அவ்வாண்டுகளில் மாண்டவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல்களை அகற்றவேண்டும் என்ற மக்கள் குரலுக்குச் செவி கிடைக்கவில்லை. கோவா அரசு 2020 முதல் தன் மாநிலத்தாரை அக்கப்பல்களில் ஏறவிடாமல் தடுத்துள்ளது. சிக்கிமும் உள்ளூராருக்குத் தடை விதித்தது. தன் மக்களுக்கு நஞ்சு என்று அறிந்த ஒன்றை அயலாருக்கு விற்று வரி பெறுவது எவ்வகை நீதி? கேங்டாக் மேசைகளுக்கு அயலார் என்போருள் கொல்கத்தாவின் இளைஞரும் அடங்குவர். நியூ டவுனின் மென்பொருள் அலுவலகங்களில் முதற்சம்பளம் வாங்குபவரும் அடங்குவர்.

வங்காளத்தில் லாட்டரிச் சீட்டு சட்டப்படி விற்கப்படுகிறது. தமிழகம் 2003இல் அதைத் தடைசெய்தது. அம்முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறோம். அசன்சோல், இராணிகஞ்சு கடைத்தெருக்களில் சிறுமேசை போட்டுச் சீட்டு விற்கும் காட்சி யாருக்கும் புதிதன்று. 1774இல் இந்தியாவின் முதல் நிலக்கரிக் குழி வெட்டப்பட்ட நிலம் அது. 1855இல் ஹவுராவிலிருந்து ரயில் பாதை இராணிகஞ்சுக்குச் சென்றதே நிலக்கரிக்காகத்தான். இன்று அங்கே பல குழிகள் ஓய்ந்துவிட்டன. நிலம் உள்வாங்கி வீடுகளில் விரிசல் விழுகிறது. மூட்டைகளில் இருநூறு கிலோ நிலக்கரியை ஏற்றிய மிதிவண்டியை, மிதிக்க இயலாமல் கையால் தள்ளிக்கொண்டு, ஆடவர் சாலையோரம் நடக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லை. ஜாரியா, இராணிகஞ்சுப் பகுதிகளின் நிலத்தடித் தீயையும் நிலச்சரிவையும் சமாளித்து மக்களைக் குடியமர்த்த 2009இல் 9,773 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. குறித்த காலத்தில் அது முடியவில்லை.

கோல் இந்தியா தொடங்கிய 1975இல் அதன் உற்பத்தி 79 மில்லியன் டன். தொழிலாளர் ஆறு இலட்சத்துக்கும் மேல். 2024-25இல் உற்பத்தி 781 மில்லியன் டன். நிரந்தரத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம். பத்து மடங்கு கரியை மூன்றில் ஒரு பங்கு ஆட்களும், கணக்கில் வராத ஒப்பந்தக் கூலிகளும் எடுக்கிறார்கள். 2009இல் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வகுத்த சுரங்க மூடல் நெறிமுறை, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனி வைப்புக் கணக்கில் பணம் ஒதுக்கவேண்டும் என்றது. அப்போது திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு ஆறு இலட்சம் ரூபாய். நிலத்தடிச் சுரங்கத்துக்கு ஓர் இலட்சம். நல்ல நெறி. ஆயினும் அளவுகோல் ஹெக்டேர். குழியைத் தூர்க்கவும் மரம் நடவும் ஹெக்டேர் கணக்கு போதும். நாற்பது வயதில் வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை எந்தத் தொழில் கற்கும், அக்குழியை நம்பித் தேநீர்க் கடை வைத்தவர் எங்கே போவார் என்பதற்கு ஹெக்டேரில் விடையில்லை. அண்மைத் திருத்தங்கள் வாழ்வாதாரத்தையும் பேசத் தொடங்கியுள்ளன. வரவேற்கிறோம். ஆனால் பணம் தலைக்கு இத்தனை என்று, கரி இன்னும் விற்றுக்கொண்டிருக்கும்போதே, ஒதுக்கப்படவேண்டும். குழி மூடியபின் எந்த நிறுவனமும் ஊரை நினைப்பதில்லை என்பதற்குத் தங்கவயல் சான்று.

நெய்வேலிக்கும் இதே வினா உண்டு. 1956இல் தொடங்கிய நிறுவனத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்றும் நிரந்தர வேலை கேட்டு வாயிலில் நிற்கிறது. பழுப்பு நிலக்கரி ஒருநாள் தீரும். அல்லது தீருமுன்பே அதை எரிப்பதை உலகம் நிறுத்தும்.

ஆகவே நம் கோரிக்கையைத் தெளிவாக வைக்கிறோம். அடுத்த இருபதாண்டுகளில் மூடவிருக்கும் சுரங்கங்களின் பட்டியலை, ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும், அவ்வூரில் சுரங்கத்தை நம்பி வாழ்வோர் தொகையோடும் கோல் பவன் வெளியிடவேண்டும். நிரந்தரத் தொழிலாளரோடு ஒப்பந்தக் கூலிகளையும் மிதிவண்டியில் கரி சுமப்பவர்களையும் அத்தொகையில் சேர்க்கவேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் எந்தப் புதிய தொழில், எந்தப் பயிற்சி நிலையம், எந்த ஆய்வகம், எவ்வளவு பணம் என்பது அப்பட்டியலின் எதிரே எழுதப்படவேண்டும். அது வங்காள மொழியிலும் இந்தியிலும் சந்தாலியிலும் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படவேண்டும். நெய்வேலி நிறுவனம் இதையே தமிழில் செய்யவேண்டும். இரண்டு நிறுவனங்களும் வரும் நிதியாண்டு முடிவதற்குள் இதைச் செய்யுமாறு கேட்கிறோம்.