மசாலா டப்பாவில் புற்றுநோய் மருந்தா?

மணவாள நகரிலிருந்து பெரியப்பா போன் பண்ணினார். நுரையீரல் புற்றுநோய்க்கு நான்காவது கீமோ முடிந்திருந்த நேரம். "ஐ.ஐ.டி-யிலயே மசாலாவுல மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களாமே! இனிமே எதுக்குப்பா திருவள்ளூர்ல ரயிலேறி மெட்ராஸுக்கு அலையணும்? மஞ்சப்பாலும் மிளகும் போதாதா?" வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

செய்தி பொய்யில்லை. சிக்கலே அதுதான். இந்திய மசாலாப் பொருள்களைக் கொண்டு உருவாக்கிய நானோ மருந்துக்குக் காப்புரிமை பெற்றிருப்பதாக, 2024 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தரப்பில் சொன்னார்கள். நுரையீரல், மார்பகம், பெருங்குடல் உள்ளிட்ட புற்றுச் செல்களுக்கு எதிராக ஆய்வகத்தில் அது வேலை செய்தது. சாதாரண செல்களுக்குப் பாதிப்பில்லை. விலங்குகளிடமும் சோதித்தாயிற்று. மனிதர்களிடம் இனிமேல்தான் சோதித்து, 2027-28-ல் சந்தைக்குக் கொண்டுவருவது என்பது அப்போதைய திட்டம். பார்வர்டு மெசேஜில் இந்தக் கடைசி வரியைத்தான் காணோம்!

சரி, மஞ்சள் பால் ஏன் போதாது? மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் அதைக் கொஞ்சம்தான் உறிஞ்சும். அந்தக் கொஞ்சத்தையும் கல்லீரல் சட்டென்று மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதாக 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில் தெரியவந்தது. பாட்டி வைத்தியத்துக்கு சபாஷ்தான். ஆனால், துளியூண்டில் 20 மடங்கு என்பதும் துளிதானே? நானோ தொழில்நுட்பம் இங்கேதான் வருகிறது. ரசத்தின் மேல் மிதக்கிற எண்ணெயை, கண்ணுக்கே தெரியாத நுண்துளிகளாக உடைத்து நீரிலேயே கலந்து நிற்க வைத்தால் எப்படி இருக்கும்? நானோ எமல்ஷன் கிட்டத்தட்ட அதுதான். மருந்தை அந்தத் துளிக்குள் வைத்து அனுப்புகிறார்கள்.

தாவர மருந்தே ஆகாது என்று சொல்ல வரவில்லை. நுரையீரல் புற்றுக்குத் தரும் வினோரெல்பின், நம்ம ஊர் சுடுகாட்டு ஓரம்கூடப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியின் வேதிப்பொருளிலிருந்து வந்தது. பக்லிடாக்சல், யூ மரப்பட்டையில் கிடைத்தது. அதை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்த நானோ வடிவத்துக்கு, நுரையீரல் புற்றுநோய்க்காக 2012-லேயே அமெரிக்கா அனுமதி தந்துவிட்டது.

"பெரியப்பா, உங்களுக்கு ஏத்துற பாட்டில்லயே மரத்து மருந்துதான் இருக்கு" என்றேன். அவருக்குத் தருவது பக்லிடாக்சல்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்போ மிளகு ரசம்?"

"தாராளமா சாப்பிடுங்க. ஆனா, மஞ்சள் காப்ஸ்யூல்னு யார் குடுத்தாலும் டாக்டர்கிட்ட காட்டாம வாயில போடாதீங்க. கீமோ மருந்தோட மோதலாம்."

அடுத்த திங்கள் ஐந்தாவது கீமோ. காலை ரயிலுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.