மலையில் தங்கும் மருத்துவரின் கடனை அரசே அடைக்கட்டும்



2023 மே மாதம், ஜவ்வாது மலைத்தொடரில் சாலை இல்லாத அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்தது. ஜவ்வாது மலைக்குச் சாலை எவ்வளவு அவசியமோ, அங்கேயே தங்கும் மருத்துவரும் அவ்வளவு அவசியம். எளிதில் எட்டமுடியாத பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இடம் கிடைத்ததும் அவர்கள் மலையிறங்க வேண்டியிருக்கிறது. கல்விக் கடன் சுமக்கும் இளம் மருத்துவர்கள் நகரத்தையே நாடுவார்கள். அமெரிக்காவில், மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் பணிபுரிவோரின் கல்விக் கடனைத் தேசிய சுகாதார சேவைப் படை அரசு நிதியில் அடைக்கிறது. ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் போன்ற இடங்களில் ஐந்தாண்டு பணியாற்றுவோரின் கடனைத் தமிழக அரசும் ஆண்டுதோறும் தவணையாகச் செலுத்தலாம். அடுத்த பட்ஜெட்டிலேயே இதற்கு நிதி ஒதுக்குங்கள்.

— வாசகர், போளூர்