அவையில் சொன்ன சொல் அமானிதம்

நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் உரையாற்றினால், அவர் குரலை உயர்த்திய ஒரு நிமிடத் துண்டு மட்டும் நம் கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. எந்தப் பிரிவைத் திருத்தக் கோரினார், என்ன காரணம் காட்டினார், அரசுத் தரப்பு என்ன பதில் சொன்னது என்பவை நம்மை வந்தடைவதில்லை, நாமும் தேடுவதில்லை. அவை உரையை வீரம் காட்டும் களமாகவே எண்ணப் பழகிவிட்டோம். மார்க்கத்தின் பார்வையிலோ அது சாட்சியம். சொல்பவர் மீது சுமத்தப்பட்ட அமானிதம்.

1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய வரைவு, அதாவது இன்றைய 44ஆவது பிரிவு, விவாதத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்பதே அதன் சாரம். திருத்தத்தின் வாசகத்தில் 'முஸ்லிம்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். தம் சமூகத்துக்குக் கேட்ட உரிமையை அவர் எல்லாச் சமூகத்தாருக்குமாகக் கேட்டார்.

நம் மயிலாப்பூரில் வாழ்ந்த சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதே அவையில் மறுதரப்பில் நின்று வாதிட்டார். அண்ணல் அம்பேத்கரும் திருத்தங்களை ஏற்கவில்லை. ஆயினும், பொதுச் சட்டத்துக்குக் கட்டுப்பட விரும்புவதாகத் தாமே அறிவிப்போருக்கு மட்டும் அது பொருந்தும் என்று எதிர்கால நாடாளுமன்றம் தொடக்கத்தில் வகை செய்யக்கூடும் என அவர் விளக்கினார். இத்தகைய திருத்தங்களுக்கு மறுமொழியாகவே அவ்விளக்கம் எழுந்தது. திருத்தம் தோற்றது, ஆனால் அது வரவழைத்த விளக்கம், இப்பொருள் பேசப்படும்போதெல்லாம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

"எண்ணிக்கை இல்லாதபோது பேசி என்ன பயன்?" என்று சிலர் கேட்கின்றனர். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288க்கு 232 என நிறைவேறியபோதும் இச்சலிப்பு எழுந்தது. வாக்கெடுப்பு அன்றோடு முடிந்துவிடும்; நிதானமாகச் சொல்லப்பட்ட காரணமோ அவைப் பதிவில் தங்கிப் பின்வருவோருக்குக் கருவியாகும். வெறும் கூச்சலுக்கு அந்த ஆயுள் இல்லை.

இஸ்மாயில் சாஹிப் தம் சமூகத்தின் சட்டத்துக்காக மட்டும் வாய் திறந்தவர் அல்லர். 1949இல் ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மையே அளவுகோல் எனில் தமிழின் உரிமையையும் எண்ண வேண்டும் என்று எடுத்துரைத்தார். பின்னர் கேரளத்தின் மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரை மக்களவைக்கு அனுப்பினர்.

1972இல் மறைந்த அவர் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியுள்ளார். அங்கு ஸியாரத் செய்வோர் பலர். அவருடைய அவை உரைகளில் ஒன்றையேனும் முழுமையாகப் படித்தோர் எத்தனை பேர்?

மயிலாப்பூர், தியாகராய நகர் வாக்காளர்களாகிய நாம் தென்சென்னை மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவர் யாராயினும், எக்கட்சியினராயினும், அவருடைய உரைகளை முழுமையாகப் படிப்போம். ஷரீஅத் குறித்து மட்டுமன்றி, அடையாற்று வெள்ளம் குறித்தும் ஏழைப் பிள்ளைகளின் உதவித்தொகை குறித்தும் அவர் என்ன கேட்டார் என்று பார்ப்போம். மேடையில் சொன்னதையே அவையிலும் சொன்னாரா என்று ஒப்பிடுவோம். நன்று செய்திருந்தால் பாராட்டுவோம், தவறியிருந்தால் கண்ணியமாகக் கடிதம் எழுதுவோம். அமானிதத்தைச் சுமப்பவர் அவர் எனில், அதை அவரிடம் ஒப்படைத்தவர்கள் நாம். இருவரிடமும் அல்லாஹ் கணக்குக் கேட்பான்.