தீவைச் சுற்ற ஒரு நாள் போதுமா?

ஜப்பானில் அவாஜி தீவைச் சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் சுமார் 150 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் முடிப்பதுதான் பலருக்குப் பெருமை. 1998-ல் திறந்த அகாஷி பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதனால் படகில் இவாயா துறைமுகத்துக்கு வந்து, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மிதிக்கிறார்கள். தெற்கே மேடுகள் மூச்சு வாங்க வைக்கும். மேற்குக் கரையில் திரும்பும்போது நினைப்பெல்லாம் கடைசிப் படகு மேல்தான்!

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நொஜிமா வருகிறது. 1995 ஜனவரி 17 அன்று கோபேயைக் குலைத்த நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று பிளந்த நிலத்தை அங்கே அருங்காட்சியகத்துக்குள் அப்படியே பாதுகாக்கிறார்கள். அதைப் பார்க்காமல் கடந்துபோவது, வரவை மட்டும் எழுதிச் செலவை விட்ட கணக்கு மாதிரி. இரண்டு நாள் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும், சொல்லுங்கள்?