பூந்தொட்டித் தட்டு



போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் புழு பிடிபட்டது.

காலை பத்து மணி இருக்கும். கையில் டார்ச்சும் தோளில் மருந்துப் பையுமாக, மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் கேட்டைத் தட்டினார். அடிக்கடி வருகிற அம்மாதான். வழக்கமாக ‘எல்லாம் சுத்தமா இருக்கும்மா’ என்று வாசலோடு அனுப்பிவிடுவோம். அன்று வெயில் கொளுத்தவே, என் மனைவி உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்துவிட்டார். மோரைக் குடித்தவர் சும்மா போவாரா? சம்ப் மூடியைத் தூக்கிப் பார்த்தார், சரி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, அதுவும் சரி. மாடிப்படிக்குக் கீழே நான் ஆசை ஆசையாய் அடுக்கி வைத்திருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு வந்தார். ஒன்றைத் தூக்கி, அடித்தட்டில் டார்ச் அடித்தார். நெளிந்தன. குறைந்தது முப்பது இருக்கும்.

‘‘இதையெல்லாம் யாரும்மா வளர்க்கிறது?’’

‘‘அவருதான்.’’

செடியைக் கேட்டாரா, புழுவைக் கேட்டாரா என்பது எனக்கு விளங்கவில்லை. எதைக் கேட்டிருந்தாலும் பதில் அதுதான்.

தட்டைக் கவிழ்த்துவிட்டு, ஆயிற்று என்று நிமிர்ந்தேன். அவர் விடவில்லை. ‘‘கொட்டினா போதாது சார். நாரு போட்டுத் தேய்க்கணும். முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும்.’’ டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஓரமாக முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு கிடக்கும். அடுத்த மழை நனைத்ததும் பொரியும். பொரிந்ததிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள். வாரத்துக்கு ஒருமுறை தேய்க்கச் சொல்வதற்கு அதுதான் கணக்கு. நான் மழைக்காலம்தோறும் டெங்கு விழிப்புணர்வுக் கட்டுரை வெளியிடுகிற ஆசிரியன். தேங்காய் நாரைப் பற்றி அதில் ஒரு வரியும் வந்ததாக நினைவில்லை.

கதவோரம் ஒட்டியிருந்த அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அபராதம் எதுவும் இல்லை. ‘‘அடுத்த செவ்வாய் வருவேன் சார்’’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அபராதமே தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்து, இந்த வீட்டின் வெளிப்புறத்தில் எதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்று தோன்றியது. நம் ஊர்ச் சட்டத்துக்கு வீட்டின் அழகைப் பற்றி அநேகமாக அக்கறையே கிடையாது. சுவருக்குக் கிளிப்பச்சையும் ஜன்னலுக்குக் கத்தரிப்பூ நிறமும் அடித்தாலும் கேட்க ஆளில்லை. (அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்கள் மன்னிக்கவும், உங்கள் பைலா தனி உலகம்.) அமெரிக்காவில் நகராட்சியே புல்லை அளக்கிறது. ஃப்ளோரிடாவின் டனீடின் நகரில் ஒருவர் தாயாரின் சொத்து விவகாரமாக வெளியூர் போயிருந்த நேரத்தில் வீட்டு முன்புல் 10 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்கு 500 டாலர் வீதம் அபராதம் ஏறி ஏறி, கிட்டத்தட்ட 30,000 டாலரில் போய் நின்றது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. நம் தெருவில் அந்தப் புல்லை மாடு கவனித்துக்கொண்டிருக்கும்.

நம் விதிகள் கேட்கிற கேள்வி வேறு: உன் கேட்டைத் தாண்டி வெளியே என்ன வருகிறது? தண்ணீரா, புகையா, தென்னை மட்டையா, கொசுவா? கடல் தாண்டினாலும் தமிழர் வாசல்களில் இதே கேள்விதான். இலங்கையில் நுளம்பு எனப்படும் கொசு பெருகுவதைத் தடுப்பதற்கென்றே 2007-ல் தனிச் சட்டம் வந்தது. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் துணி உலர்த்தும் மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்கள் உண்டு. பயன்படுத்தாதபோது அவற்றை மூடி வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் குழாயில் தேங்கும் ஒரு கை மழைநீர் போதும் கொசுவுக்கு.

தண்ணீர் என்றதும் எங்கள் வீட்டின் இன்னொரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003 கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடத்தோடு லாரிக்கு நின்ற காலம். அந்த ஜூலையில் அவசரச் சட்டம் வந்தது. புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்ற பேதமில்லாமல் எல்லாக் கட்டடத்திலும் ஆகஸ்ட் 31-க்குள் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும், இல்லையென்றால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது. கொத்தனாருக்கும் பி.வி.சி. குழாய்க்கும் அப்படி ஒரு கிராக்கியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என் அப்பா குழி தோண்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பி, மொட்டை மாடிக் குழாயை அதில் கொண்டுவந்து விட்டார். முதல் மழையன்று குடை பிடித்துக்கொண்டு குழியருகே நின்று, தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. குழியை யாரும் தூர்வாரவில்லை. போர்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர் குழாயின் கடைசி முழங்கையைக் கழற்றி வைத்தார், திரும்ப மாட்டவில்லை. இப்போது எங்கள் மாடித் தண்ணீர் நேரே தெருவுக்குப் போகிறது. சுவரில் குழாய் இருக்கிறது, வரைபடத்தில் குழி இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் ‘இருக்கிறது’ என்று சொல்லலாம். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை என்று கேட்டால் கடிதங்கள் குவியும் என்றே நினைக்கிறேன். இதைவிட மோசம், மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் இணைப்பில் சொருகிவிடுவது. மழை வலுத்ததும் தெருக்கோடி மேன்ஹோல் பொங்கி, எல்லோர் வீட்டுச் சமாசாரமும் எல்லோர் வாசலுக்கும் வரும்.

அடுத்தது புகை. சருகு கொளுத்தும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே, தோட்டக் கழிவைத் தனியே வைத்து உள்ளாட்சி சொல்கிறபடி அகற்ற வேண்டும், கொளுத்தக் கூடாது என்றன. போகிக்கு மறுநாள் மட்டும் நமக்கு இது நினைவுக்கு வருகிறது.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுத் தென்னை அவருடைய ஓட்டின் மேல் சாய்ந்துகொண்டே வருகிறதாம். சொல்லிப் பார்த்தால், ‘‘காய் விழுந்தா நீங்களே எடுத்துக்குங்க’’ என்கிறார்களாம். அம்மா, உங்களுக்கு ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. 1898-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்ற எண்ணோடு வந்தது. 1973-லும் அதே எண். 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152. விழுந்து ஆளைக் காயப்படுத்தக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிட, நிர்வாக நடுவருக்கு அது அதிகாரம் தருகிறது. நடைமுறையில் உங்கள் ஊர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்கலாம். இடியும் நிலையில் உள்ள கட்டடம், சாலையோரத்தில் வேலியில்லாத கிணறு, ஆபத்தான விலங்கு எல்லாம் அதே பிரிவில்தான். ஆனால் மனு எழுதுமுன், மரமேறுகிற ஒருவரைக் கூட்டிப் போய், ‘கூலியில் பாதி என்னுது’ என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பதைவிடச் செலவு குறைவு.

எல்லாப் பிழையும் வீட்டுக்காரர் தலையில் என்று எழுதிவிட்டால் நான் இந்த ஊரில் குடியிருக்க முடியாது. எங்கள் வாசலுக்கு ஐந்து படி இருந்தன. இன்று எண்ணினால் இரண்டு. படி எங்கும் போகவில்லை, தெருதான் ஏறி வந்தது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அதற்குள் எங்கள் மூன்று படி சாலைக்கு அடியில் போய்விட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஆளாளுக்கு வாசலை உயர்த்தினோம். கார் ஏற வேண்டுமே, சரிவு போட்டோம். சரிவு நடைபாதையைத் தின்றது, நடக்கிறவர் தார்ச்சாலையில் இறங்கினார். பிறகு பொக்லைன் வந்து ஆக்கிரமிப்பு என்று சரிவுகளை உடைத்தது. உடைத்தது சரிதான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்க வேறு இடமில்லை. ஆனாலும் முதலில் யார் யாருடைய இடத்துக்குள் ஏறியது என்று கேட்கத் தோன்றாமல் இல்லை.

இதை எழுதுகிற இன்று செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் தேங்காய் நாரும் கையுமாக மாடிப்படியடியில் உட்கார்ந்தேன். எட்டுத் தட்டு. விளிம்பு விளிம்பாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். நிலைமையைப் பார்த்த மனைவி, கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு டம்ளர்கூடக் கழுவாத ஆள் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரியாகப் பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். நான் பூந்தொட்டிப் பக்கம் வழிவிட்டு நின்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. விறுவிறுவென்று மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். ஒரு நிமிஷம் கழித்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

‘‘சார், இந்த ஸ்கூட்டர் டயர் யாருது?’’

அன்புடன்,
ஆசிரியர்